நீர் பருகச் சொன்னால் போதுமா?

முதுவேனில் தொடங்கிவிட்டால் தமிழகத்தில் ஓர் அறிவுரை தவறாமல் வெளிவரும். அடிக்கடி தண்ணீர் பருகுக, நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலிற் செல்லற்க, பருத்தியாடை உடுத்துக, குடை கொண்டு செல்க என்பது அது. தாளிகைகள் அதனை அச்சிடும், வானொலி ஒலிக்கும், அலுவலகச் சுவர்களில் ஒட்டப்பெறும். அறிவுரையிற் பிழை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் மருத்துவ நெறிக்கு ஒத்ததே. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. இவ்வறிவுரை யாருக்கு?

நண்பகலில் வெளியே செல்லாதிருக்கக் கூடியவர், யாரும் சொல்லாமலே வீட்டினுள் இருக்கிறார். அவர் வீட்டில் மின்விசிறி சுழல்கிறது. குளிர்ந்த நீர் கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. சாலைக்குத் தார் காய்ச்சுபவரும், உப்பளத்தில் உப்பு வாருபவரும், சூளையிற் செங்கல் அறுப்பவரும், கட்டடத்திற் சாந்துச் சட்டி சுமப்பவளும், தலையிற் கூடையுடன் தெருத்தெருவாய்க் கீரை விற்பவளும் நண்பகலில் எங்கே போவர்? ‘பருகு’ என்று சொல்வார் ஒருவர். பருகுதற்கு நேரமும் நிழலும் கொடாதார் மற்றொருவர். இவ்விருவர்க்கும் இடையே நா வறண்டு நிற்பவர் உழைப்பாளி.

வேனிலில் உயிர் காக்க அறிவு வேண்டும், ஐயமில்லை. அவ்வறிவைக் கைக்கொள்ளுதற்கு நீரும், நிழலும், ஓய்வும், கழிப்பறையும் வேண்டும். முன்னதை மட்டும் ஊருக்கு வழங்கிவிட்டுப் பின்னவை நான்கையும் கொடாதிருப்பது, கையைக் கட்டிவிட்டு ‘நீந்து’ என்று ஆற்றில் தள்ளுவதை ஒக்கும்.

வெயிலை அறிந்த மொழி

வெயிலுக்குத் தமிழர் புதியவர் அல்லர். ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தபோது இளவேனில், முதுவேனில் என இரண்டை வெம்மைக்கே ஒதுக்கினர். தொல்காப்பியர் பாலைக்குரிய சிறுபொழுதாக நண்பகலை வைத்தார். நீரற்ற நிலமும், வேனிலும், உச்சிப்பொழுதும் ஒன்று கூடுமிடத்தில் உயிர்க்கு இடர் உண்டு என்பதை இலக்கணமாகவே வகுத்த மொழி இது.

சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரியிறுத்த காதையில் ஒரு செய்தி உளது. மதுரைக்குச் செல்லும் வழியிற் கடுவெயிலைக் கண்ணகி பொறாள் எனக் கோவலன் கவுந்தியடிகளிடம் கூறுகிறான். அதன்பின் அவர்கள் பகலில் தங்கி, நிலவெழுந்த இரவில் வழிநடக்கின்றனர். இன்றைய மருத்துவர் கூறும் தலையாய அறிவுரையும் இதுவே: கடுவெயிலில் உழைப்பைப் பகலின் உச்சியினின்று வேறு பொழுதுக்கு மாற்றுக. ஓர் அருமையை ஈண்டு நோக்குக. கோவலன் கண்ணகியைப் பார்த்து ‘நீர் மிகுதியாகப் பருகு’ என்று சொல்லிவிட்டு நண்பகலில் நடத்திச் செல்லவில்லை. நடக்கும் பொழுதையே மாற்றினான். வழிநடத்துபவனின் கடமை அது.

காற்றுக்குத் தமிழர் இட்ட பெயர்களும் எண்ணத்தக்கன. தெற்கினின்று வருவது தென்றல். வடக்கினின்று வருவது வாடை. கிழக்கினின்று வருவது கொண்டல். மேற்கினின்று வருவது கோடை. வெம்பருவத்திற்கும் மேல்காற்றுக்கும் ஒரே பெயர் அமைந்தது வெறுமையாகவா? இன்றைய வானிலை அறிவியலும் இதனையே சொல்கிறது. கீழைக் கடற்கரையின் வேனிற்பகல், இவ்விரு காற்றுகளின் போரில் அடங்கியிருக்கிறது. நண்பகலையொட்டிக் கடற்காற்று ஊருக்குள் நுழைந்துவிட்டால் வெப்பம் அளவில் நிற்கும். நிலத்தின்மேல் வெந்து வரும் மேல்காற்று வலுத்து அதனைக் கரையிலேயே தடுத்து நிறுத்தினால் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் சென்னையில் 45 பாகை பதிவாயிற்று. கத்தரி வெயில் நாட்கணக்கில் முடிந்தபின் வந்த வெப்பம் அது. ஆதலின் மே 28-உடன் வேனில் முடிந்தது என எண்ணுதல் தவறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் தமிழகத்தின் பெரும்பகுதிக்குப் பெருமழை வடகிழக்குப் பருவக்காற்றாலேயே வரும். அதற்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும்.

பானை சொல்லும் பாடம்

வெயில் உடலை எங்ஙனம் வருத்துகிறது என்பதை அறிதற்குப் பெரிய நூல்கள் வேண்டா. திண்ணையில் இருக்கும் மண்பானை போதும்.

பானையின் நுண்ணிய துளைகள் வழியே நீர் வெளியே கசிகிறது. கசிந்த நீர் காற்றிற் கலந்து ஆவியாகும்போது பானையின் வெப்பத்தைத் தன்னொடு கொண்டு செல்கிறது. அதனால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. உடலும் அத்தகைய பானையே. தோலின் துளைகள் வழியே வியர்வை கசிகிறது. அது காயும்போது உடலின் சூட்டை எடுத்துச் செல்கிறது. உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகையில் நிற்பது இவ்வாற்றால்தான்.

இவ்வுவமையில் இரண்டு பாடங்கள் உள. உள்ளே நீர் குறைந்த பானை கசியாது. கசியாத பானை குளிராது. நீர் பருகாத உடலுக்கு வியர்க்க வழியில்லை. உள்ளே சூடு ஏறும். இது முதற்பாடம். மழைமூட்ட நாளிற் பானை நீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை என்பதை வீட்டுப் பெண்டிர் அறிவர். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் கசிந்த நீர் காய்வதில்லை. கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் உடலுக்கு நேர்வதும் அதுவே. வியர்வை ஒழுகுகிறது, காய்வதில்லை, நீர் வீணாகிறது, சூடு தங்கிவிடுகிறது. இது இரண்டாம் பாடம்.

ஆதலின் வேலூரின் 41 பாகையை நாகையின் 38 பாகையோடு எண்ணளவில் ஒப்பிட்டு, ‘நாகை தாழ்வில்லை’ என்றல் அறியாமை. இந்திய வானிலைத் துறையும் வெப்ப அலையை அளக்கும்போது சமவெளிக்கு 40 பாகையையும் கடற்கரைக்கு 37 பாகையையும் அடிப்படையாக வைத்து, வழக்கமான அளவினும் 4.5 பாகை மிகுந்திருக்கிறதா என்று நோக்குகிறது. மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. தாளிகையில் வரும் வெப்ப அளவு, காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் நிழலில் வைத்த கருவி காட்டுவது. தார்ச்சாலையில் நிற்பவனின் தலைக்கும் காலுக்கும் கிடைக்கும் வெப்பம் அதனினும் மிகுதி. சூளையின் அருகில் நிற்பவனுக்கோ ஞாயிறு மேலே ஒன்று, கீழே ஒன்று.

எவ்வளவு பருகுவது? எதைப் பருகுவது?

நீர்வேட்கை தோன்றும்போதே உடலில் நீர் குறையத் தொடங்கியிருக்கும். வேட்கைக்குக் காத்திராமற் பருகுவதே நெறி. வெயிலில் உழைப்பவர் 15 முதல் 20 மணித்துளிக்கு ஒருமுறை ஒரு குவளை, அஃதாவது ஏறத்தாழக் கால் இலிட்டர் பருக வேண்டும். காலை முழுதும் பருகாதிருந்துவிட்டு உச்சியில் ஒரு குடத்தைச் சாய்ப்பது பயன் தராது. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை இலிட்டருக்குமேற் பருகினால் குருதியின் உப்பு நீர்த்துப்போய் வேறு கேடு விளையும். சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருப்பின் உடலில் நீர் போதும். அடர்மஞ்சளாக இருப்பின் போதாது. இதைவிட எளிய அளவுகோல் இல்லை.

வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், நெடுநேரம் வியர்த்தவர்க்கு வெறும் நீர் மட்டும் போதாது. இதற்குரிய பருகுநீர்களைத் தமிழ்நிலம் நெடுங்காலமாக வைத்திருக்கிறது. உப்பிட்ட மோர், பழஞ்சோற்று நீர், கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ், இளநீர், பதநீர், நுங்கு, வெள்ளரி, உப்பும் வெல்லமும் கலந்த எலுமிச்சைச் சாறு ஆகியன விலை குறைந்தவை. உழைப்பாளியின் கைக்கு எட்டுபவை. புட்டிகளில் அடைத்து விற்கப்படும் இனிப்பு நீர்மங்கள் இவற்றுக்கு ஈடாகா. அவற்றின் மிகுந்த சருக்கரை உடலுக்குக் கேடே. மது எவ்வகையாயினும் உடலின் நீரை வெளியேற்றுவதோடு, ஏதம் வருவதை உணரும் அறிவையும் மழுக்கும். வயிற்றுப்போக்காலோ மிகுந்த வியர்வையாலோ சோர்ந்தவர்க்கு, ஓர் இலிட்டர் தூய நீரில் மட்டமாக எடுத்த ஆறு தேக்கரண்டிச் சருக்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்பு மிகுந்தால் கேடு. அளவு பிழைத்தல் ஆகாது.

சில விலக்குகளும் உள. இளநீரிற் சாம்பர உப்பு மிகுதி. சிறுநீரக நோயுடையார் மருத்துவரைக் கேட்டே பருக வேண்டும். நீரின் அளவைக் குறைக்குமாறு மருத்துவர் சொல்லியுள்ள நெஞ்சக நோயாளரும் அவ்வாறே. ஆறு திங்கள் நிரம்பாத குழவிக்கு வேனிலிலும் தாய்ப்பால் ஒன்றே போதும். தண்ணீர் புகட்டுதல் வேண்டா. தாய்தான் நிரம்பப் பருக வேண்டும்.

பருகாதிருப்போர் யார்?

இதுவரை கூறியன பருகக் கூடியவர்க்கு. இனிக் கூற வேண்டியது, பருக அஞ்சுவோரைப் பற்றி.

ஒரு பள்ளி மாணவியை எண்ணிப் பார்க்க. காலையில் வீட்டில் ஒரு குவளை நீர். பின்பு மாலை வீடு திரும்பும் வரை ஒரு மிடறும் இல்லை. தாய் கொடுத்தனுப்பிய நீர்க்குடுவை நிறைந்தபடியே திரும்புகிறது. தாய் கடிகிறாள், மகள் விடை சொல்வதில்லை. அக்குடுவையில் நீர் இருந்தது. பள்ளிக் கழிப்பறையில் நீர் இல்லை. கதவுக்குத் தாழ் இல்லை. பருகினால் கழிக்க வேண்டும், கழிக்க இடமில்லை, ஆதலின் பருகுவதில்லை. பதின்மூன்று அகவைப் பெண்ணின் கணக்கு இது. அறியாமையால் அவள் பருகாதிருக்கவில்லை. அறிந்தே பருகாதிருக்கிறாள்.

துணிக்கடையில் நாள் முழுதும் நின்று துணி விரிக்கும் பெண்ணின் கணக்கும் இதுவே. உப்பளத்துப் பெண்ணின் கணக்கும் இதுவே. கண்ணுக்கெட்டிய தொலைவு வரை வெண்பாத்தி. மறைவுக்கு ஒரு புதர் இல்லை. பேருந்தில் நெடுந்தொலைவு செல்லும் மகளிரும், தெருவில் நின்று போக்குவரத்தை நெறிப்படுத்தும் பெண் காவலரும் இதே கணக்கைப் போடுகின்றனர். நாள்தோறும் நீரை அடக்கியும் சிறுநீரை அடக்கியும் வாழும் உடலில் சிறுநீர்ப் பாதை நோயும், கல்லடைப்பும் வருவதில் வியப்பென்ன?

தமிழகத்து உப்பளத் தொழிலாளர் முந்நூற்றுவர்க்கு மேற்பட்டோரை நேரிற் கண்டு செய்த ஆய்வொன்று 2023-இல் வெளிவந்தது. அவர்களிற் பெரும்பாலோர் தாங்கத்தக்க அளவினும் மிக்க வெப்பத்தில் உழைப்பதை அது காட்டிற்று. சிலர்க்குச் சிறுநீரகத்தின் திறன் குறைந்திருந்ததையும் காட்டிற்று. இக்கேடு எங்கே கொண்டு விடும் என்பதை அறிய நடு அமெரிக்காவை நோக்குதல் தகும். நிக்கராகுவா, எல் சால்வதோர் நாடுகளின் கடற்கரைக் கரும்புக் காடுகளில் இளைய உழைப்பாளர் ஆயிரக்கணக்கிற் சிறுநீரகம் பழுதுற்று மாண்டனர். சருக்கரை நோயோ குருதிக் கொதிப்போ இல்லாதவர்க்கே அந்நோய் வந்தது. கடுவெப்பத்தில் நீரின்றி நாள்தோறும் உழைத்தது அதன் தலையாய கரணியங்களுள் ஒன்று என்று ஆய்வாளர் கருதுகின்றனர். நீர், ஓய்வு, நிழல் என்னும் மூன்றையும் முறையாகக் கொடுத்த தோட்டத்திற் சிறுநீரகக் கேடு குறைந்ததும் கண்கூடு. மருந்தாற் செய்ய இயலாததை மரநிழலும் மண்குடமும் செய்தன.

‘தண்ணீர்’ என்னும் சொல்லே தண்மையான நீர் என்று பொருள்படும். சுட்டது வெந்நீர். வெயிலில் நெகிழிக் குடத்தை வைத்து, அதிற் கொதிக்கும் நீரை உழைப்பாளிக்குக் கொடுத்துவிட்டு, ‘தண்ணீர் வைத்திருக்கிறோமே’ என்று சொல்பவர் நீரை மட்டுமின்றிச் சொல்லையும் கெடுக்கிறார். குடத்தை நிழலில் வைத்து ஈரச் சாக்கைச் சுற்ற எவ்வளவு பணம் வேண்டும்?

சாய்ந்தவரைக் காத்தல்

வெயிலில் உழைப்பவர்க்குக் கெண்டைக்காலிலும் வயிற்றிலும் தசைப்பிடிப்பு வந்தால் அது முதல் அறிவிப்பு. தலைச்சுற்று, குமட்டல், மிகுந்த வியர்வை, தளர்ச்சி ஆகியன இரண்டாம் அறிவிப்பு. இவ்விரு நிலையிலும் நிழலிற் படுக்கவைத்து, உப்புக்கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்தாற் பெரும்பாலும் தேறுவர்.

பேச்சுக் குழறினால், தொடர்பின்றிப் பேசினால், வலிப்பு வந்தால், நினைவு தப்பினால் அது வெப்பத்தாக்கு. உள்வெப்பம் 40 பாகையைக் கடந்திருக்கும். தோல் வறண்டு கொதிக்கலாம். உழைப்பின்போது சாய்ந்தவர்க்கு வியர்வை ஒழுகிக்கொண்டும் இருக்கலாம். ‘வியர்க்கிறதே, ஒன்றுமில்லை’ என்று காலந் தாழ்த்துவது கொலைக்கு ஒப்பு. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஊர்தி வரும்வரை காத்திராமல் ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீரை ஊற்றி, விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் ஈரத்துணியோ துணியிற் சுற்றிய பனிக்கட்டியோ வைக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீரையோ வேறெதனையோ ஊற்றவே கூடாது. அது மூச்சுக்குழலிற் சென்று உயிரை வாங்கிவிடும். அன்பினாற் செய்யும் இப்பிழையே பல இடங்களில் நேர்கிறது. முதலிற் குளிர்வித்தல், பின்பு கொண்டுசெல்லல் என்பது மருத்துவ நெறி.

வேலைக்குப் புதியவரிடம் தனிக்கருத்து வேண்டும். வெம்மைக்கு உடல் பழகுதற்கு ஒன்று முதல் இரண்டு கிழமை ஆகும். விடுப்பு முடிந்து திரும்பியவரும், குளிர்ந்த ஊரினின்று வந்தவரும், நோயினின்று எழுந்தவரும் முதல் நாளே முழு வேலை செய்தால் சாய்வர். ‘முதல் நாளே சோம்பல்’ என்று அவரை ஏசுவோர், தம் அறியாமையை ஏசிக்கொள்ளுதல் நலம்.

பந்தலும் படமும்

வழிப்போக்கர்க்கு நீர் வார்த்தல் தமிழரின் பழைய அறம். சாலையோரத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்தனர், மரம் நட்டனர், சுமையை இறக்கி வைத்து இளைப்பாறச் சுமைதாங்கிக் கல் நாட்டினர். பந்தலில் நீர் வார்ப்பவர்க்குக் கூலி கொடுக்க நிலம் எழுதிவைத்தாரும் உளர். ஏனெனில், அவர்கள் ஒன்றை அறிந்திருந்தனர்: பந்தல் போடுவது ஒருநாள் வேலை, நீர் வார்ப்பது நாள்தோறும் செய்யும் வேலை.

இன்றைய பந்தல்கள் எத்தகையன? கட்சிக்கொரு பந்தல், தெருவுக்கொரு பந்தல் எழுகின்றன. திறப்பு நாளில் மோரும் உண்டு, வெள்ளரியும் உண்டு, கொம்மட்டிப் பழமும் உண்டு. தலைவர் ஒரு குவளையை நீட்டுகிறார்; படம் எடுக்கப்படுகிறது. பத்தாம் நாள் சென்று பார்த்தால் பந்தல் இருக்கிறது. தலைவர் படம் இருக்கிறது. பானை கவிழ்ந்து கிடக்கிறது. குவளையைச் சங்கிலியாற் பிணைத்த கை, பானையை நிரப்ப மறந்தது. விடாயோடு வந்தவன் வெறும்பானையைத் தட்டிப் பார்த்துச் செல்கிறான். கத்தரி முடியும் வரை நாள்தோறும் நிரப்பும் ஒரு பானை, திறப்பு நாளில் நிரம்பிய நூறு பானைகளினும் உயர்ந்தது. எந்தப் பெயரில் வைத்தாலும் நன்றே. நீர் இருக்க வேண்டும்.

அரசின் கடமையும் இத்தகையதே. 2024-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு வெப்ப அலையை மாநிலத்திற்குரிய பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தார் குடும்பத்திற்கு 4 இலக்கம் உருபா வழங்க வகை செய்தது. வெயிலாற் சாவு நேர்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்டது பாராட்டுக்குரியது. ஆயின் இறந்தபின் தரும் இலக்கத்தினும், இறவாமற் காக்கும் குடம் மலிவானது அன்றோ? 2025-இல் பள்ளிகளில் நீர் பருகுதற்கென்றே மணி அடிக்கும் முறை வந்தது. கேரளத்தில் 2019-லேயே தொடங்கிய நல்ல முறை அது. மணி அடிக்கட்டும், மாணவர் பருகட்டும். ஆயின் அம்மாணவியின் கணக்கை மணி மாற்றாது. கழிப்பறைக்குத் தாழும், தண்ணீரும், நாள்தோறும் தூய்மை செய்ய ஒருவர்க்கு உரிய கூலியும் கொடுத்த பள்ளியில்தான் அந்த மணிக்குப் பொருள் உண்டு.

சட்டத்தாற் பயனில்லை என்று சோர்தலும் வேண்டா. கடைகளில் நாள் முழுதும் நின்றவர்க்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021-இற் சட்டத்தைத் திருத்திற்று. கேட்டதனாலேயே கிடைத்தது. அதற்கு நெடுநாள் முன்பே, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேற்பட்டோர் பணிசெய்யும் இடங்களில் வேனிற்காலத்திற் குளிர்ந்த குடிநீர் தரவேண்டும் என்றும், குடிநீர் இருக்கும் இடத்தைத் தொழிலாளருட் பெரும்பாலோர்க்குத் தெரிந்த மொழியில் எழுதிவைக்க வேண்டும் என்றும் வகுத்தது. சட்டங்களின் பெயரும் தொகுப்பும் மாறலாம். நீரையும் மொழியையும் ஒரே பிரிவில் வைத்த அந்த அறிவு மாறலாகாது. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய பலகை, வெறும்பானைக்கு உடன்பிறப்பு.

இவ்வறிவை வானிலை அறிவிப்பார் கைக்கொள்ள வேண்டும். ‘ஆரஞ்சு அலர்ட்’, ‘எல்லோ அலர்ட்’ என்று தமிழ்த் தொலைக்காட்சிகள் கூவுகின்றன. வயலிற் களை பறிப்பவள் அதனின்று எதை அறிவாள்? நிறத்தின் பெயரா அவளைக் காக்கும்? ‘நாளை கடுவெயில். பதினொரு மணிக்குள் வயல்வேலையை முடித்துவிடுங்கள். முதியோரையும் குழந்தைகளையும் தகரக்கூரைக்குக் கீழே விட்டுச் செல்லாதீர்கள். ஒருவர் உளறினால் உடனே நீரூற்றி 108-ஐ அழையுங்கள்’ என்று நான்கு தமிழ்த்தொடர் சொன்னால் உயிர் பிழைக்கும். உயிர் காக்கும் செய்தி கேட்பவர் மொழியில் இருத்தல் மொழிப்பற்றாளரின் ஆசை மட்டுமன்று, மருத்துவத்தின் முதற்படி.

செய்ய வேண்டுவன

வேண்டுவன அரியவை அல்ல; ஆறே.

ஒன்று: வேனிலில் வெளிவேலையை விடியலில் தொடங்கிப் பதினொரு மணிக்குள் நிறுத்தி, மாலையில் தொடர்க, அதன்பொருட்டுக் கூலியைக் குறைக்கற்க. ஆயிரங் கல்லுக்கு இவ்வளவு என்று துண்டுக்கூலி பெறுபவர்க்கு ஓய்வு என்பது பட்டினி. அவர் ஓய்வுக்கும் கூலி கணக்கிடப்பெறுதல் வேண்டும்.

இரண்டு: வேலை நடக்கும் இடத்திலேயே நிழலும், நிழலிற் குளிர்ந்த நீரும் வைக்க. அரைக்கல் தொலைவில் உள்ள குழாயைக் கைநீட்டிக் காட்டுதல் நீர் வைத்தல் ஆகாது.

மூன்று: புதியவர்க்கு முதற் கிழமை வேலையைப் படிப்படியாகக் கூட்டுக. ஒருவரையும் தனித்து வேலைசெய்ய விடற்க. சாய்ந்தாற் காண்பதற்கு ஒரு கண் வேண்டும்.

நான்கு: மகளிர் பணிசெய்யும் இடமெங்கும், பெண்கள் பயிலும் பள்ளியெங்கும், தாழும் நீரும் உடைய கழிப்பறை அமைக்க. இதுவன்றி நீர் பருகச் சொல்லும் அறிவுரை மகளிர்க்கு ஏளனமே.

ஐந்து: தெருவில் தனித்து வாழும் முதியோர் எத்தனை பேர் என்று அத்தெருவினர் அறிந்திருக்க. கத்தரி நாளில் ஒருமுறை கதவைத் தட்டிப் பார்த்து, ஒரு செம்பு மோர் கொடுத்து வருக. இதற்கு அரசாணை வேண்டா.

ஆறு: எச்சரிக்கைகள் எல்லாம் எளிய தமிழில், செய்ய வேண்டுவதைச் சொல்பவையாக இருக்க.

இவ்வாறும் செய்தாலும் வெயில் குறையாது. ஞாயிற்றின்மேல் ஆணை செலுத்த யாராலும் இயலாது. உழைப்பின் பொழுதையும், குடத்தின் இடத்தையும், கதவின் தாழையும் ஆள்வோர் ஊர்தோறும் இருக்கின்றனர். ஒப்பந்தக்காரர், கடையுரிமையர், தலைமையாசிரியர், ஊராட்சித் தலைவர், மேற்பார்வையாளர் என அவர்க்குப் பெயரும் முகவரியும் உண்டு. வேண்டுகோள் அவர்களிடமே செல்ல வேண்டும். தொடர்ந்து செல்ல வேண்டும்.

நிறைந்தபடியே வீடு திரும்பும் அந்தக் குடுவை, ஒருநாள் வெறுமையாகத் திரும்பட்டும். அன்று தாய் கடியமாட்டாள். அன்றைக்கு அப்பள்ளியில் ஒரு கதவுக்குத் தாழ் வந்துவிட்டது என்று பொருள்.